எங்கும் போகாத காருக்குப் பெட்ரோல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். நீ, அண்ணி, பாப்பா நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். உன் போன் வந்தால் அப்பா எங்கிருந்தாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்கிறாள். நம் வீட்டில் தனியாகப் பேச முடிகிற ஒரே இடம் குளியலறை, அங்கே சிக்னல் கிடையாது. அதனால் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

இங்கே இப்போது கூட்டமில்லை. வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர்கள் பெட்ரோல் இல்லாமல் பைக்கை ஓரம்கட்டிவிட்டார்கள். நடந்து வர முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இப்போது நோய் கண்டுபிடிக்கிறோம். ரிப்போர்ட் அடிப்பது என் வேலை, அடிக்க ரிப்போர்ட் இல்லை.

செய்திகளில் நீயும் பார்த்திருப்பாய். கப்பல் வரவில்லை என்கிறார்கள், வந்தது ஆனால் இறக்கவில்லை என்கிறார்கள். ஆரம்பத்தில் அது வெறும் பேச்சுதான். பெட்ரோல் தீரப்போகிறது என்று யாரோ சொன்ன அன்று சாயங்காலமே ஊரில் இருந்த வண்டியெல்லாம் பெட்ரோல் பங்க்குக்கு ஓடியது. மறுநாள் நிஜமாகவே தீர்ந்துபோயிற்று. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சோப்பு என்று ஆரம்பித்து உப்பில் வந்து நின்றாள். கட்டிலுக்கு அடியில் மூட்டையாக உப்பு இருக்கிறது. பெட்ரோலுக்கும் உப்புக்கும் என்னம்மா சம்பந்தம் என்றேன். “எல்லாரும் வாங்குறாங்க, நாம மட்டும் வேடிக்கை பாக்கவா?” என்றாள்.

இனி உன் கார்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து அப்பா அதை எங்கும் எடுத்துப் போனதில்லை. காய்கறிக்குக்கூடப் பஸ்தான். ஆனால் தினமும் காலையில், பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று, கிளப்பி நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுவார். கண்ணாடியைத் துடைப்பார், அணைப்பார். பற்றாக்குறை வந்த பிறகும் அது நிற்கவில்லை. தெருவே சைக்கிளுக்கு மாறிவிட்டது, நம் வாசலில் மட்டும் இன்ஜின் சத்தம். மாடிவீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே, “ஊரே நடையா நடக்குது, இவங்க வண்டி நின்ன எடத்துலயே ஊர்வலம் போகுது” என்று காற்றிடம் சொன்னாள். அவள் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோ படுத்துக் கிடந்தால் அவர்கள் வீட்டு அடுப்பும் படுத்துவிடும்.

கேனில் ஊற்றித் தரக்கூடாது என்று உத்தரவு. வண்டியோடுதான் போக வேண்டும். ஆகவே பெட்ரோல் வாங்குவதற்காக அப்பா காரை எடுக்கிறார். போகவும் வரவும் கொஞ்சம் தீர்கிறது. மிச்சத்தைக் காலைகளில் வாசலில் எரிக்கிறார். பெட்ரோல் முள் இறங்குகிறது, மறுபடியும் வரிசை. இதை எடுத்துச் சொன்னால் கோபம் வருகிறது. “அவன் திடுதிப்புனு வந்து எறங்குவான். ஏர்போர்ட்டுக்கு என்ன, உங்கம்மா வாங்கின உப்பு மூட்டையில ஏறியா போறது?” என்கிறார்.

வரிசையில் யாரும் இன்ஜினைக் கிளப்புவதில்லை. முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்தால் இறங்கித் தள்ளுகிறார்கள். வேலை இல்லாத நாட்களில் நானும் போய்ப் பின்னால் நின்று தள்ளுகிறேன். மற்ற நேரம் உள்ளே உட்கார்ந்து படிக்கிறேன். பக்கத்து வண்டிப் பெண் என் புத்தகத்தின் தடிமனைப் பார்த்துவிட்டு, “கடைசிப் பக்கத்துலயாவது பெட்ரோல் வருதா?” என்று கேட்டாள். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் சிரித்தேனா இல்லையா என்று எனக்கே சரியாகத் தெரிவதில்லை.

வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். யாரும் அவரை நியமிக்கவில்லை. அவரிடம் விசில் இருந்தது, அவ்வளவுதான். அவர் பெயரும் இப்போது விசில்தான். “பெருசு, உங்க வண்டிக்கு ரெண்டே ஸ்டாப்பு. வீடு, பங்க். வேற எங்கயும் நிக்காது போல” என்று அப்பாவைச் சீண்டுவார். பையன் வரான் என்பதைத் தவிர அப்பா வேறெதுவும் சொல்லமாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு வந்துவிட்டேன். அப்பா தனியாகத் தள்ளியிருக்கிறார். நல்ல வெயில். பங்க் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் காரின் பின்பக்கத்தைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். விசில்தான் முதலில் ஓடிவந்து, பின்சீட்டில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அதற்கே டீசல் இல்லையாம். ஆட்டோ வரிசையில் நின்றிருந்த மாடிவீட்டு ஆட்டோக்காரர் ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு வந்து, உன் காரைக் கிளப்பிப் பார்த்திருக்கிறார். முள் அடியில் கிடந்தது, கிளம்பவில்லை. காலையிலிருந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வழிவிட்டு, அப்பா உள்ளே படுத்திருக்க, காரைப் பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்களாம். விசில் ஊதிக்கொண்டே முன்னால் ஓடினாராம். அப்பா கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு போட்டாங்க?”

தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சிரிக்கவில்லை. இதயம் தளர்ந்திருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வெயிலில் வண்டி தள்ளினால் இங்கே கொண்டுவர வேண்டிய தேவை இருக்காது என்று அப்பாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார். ரத்தப் பரிசோதனை எங்கள் லேபில்தான், ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். எண்களை மறுபடி மறுபடி சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தன.

ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிப்போய், வீட்டுக்கும் கொண்டுவந்து விட்டார். காரிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துக்கோப்பா என்று அம்மா அவரிடம் சொன்னாள். கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி, “அதுல கை வைக்காதீங்க. பையன் வர்ற நேரம்” என்றார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. “இருக்கட்டும் சார், முதல்ல நீங்க எந்திரிச்சு உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தே பங்க்குக்குப் போனார். அவர் இடம் போய்விட்டிருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றார். மாடிவீட்டு அக்கா இப்போது துணி காயப்போடும்போது எதுவும் சொல்வதில்லை. முன்பு சொன்னதே எவ்வளவோ தேவலாம் என்று இருக்கிறது.

திங்கட்கிழமை லாரி வருகிறது என்று பேச்சு. அன்றைக்குப் போய் நிற்கப்போகிறேன் என்கிறார் அப்பா. சாவியை ஒளித்துவைத்தேன், கண்டுபிடித்துவிட்டார். அம்மா திட்டிப்பார்த்தாள், அழுதுபார்த்தாள்.

அண்ணா, நீ அங்கே வீடு வாங்கியதை என்னிடம் மட்டும் சொன்னாய். பாப்பாவின் பள்ளிக்கூடம், அண்ணியின் வேலை எல்லாம் அங்கே, இனி அங்கேதான் என்றாய். சமயம் பார்த்து நானே அப்பாவிடம் சொல்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றாய். திறக்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவும் எழுதவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் வாங்கியிருப்பேன். ஆனால் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் பின்னால் சுவரில் பலகை அடித்துப் பாப்பாவின் பொம்மைகளை அடுக்கியிருந்தாய். போனை வைத்த பிறகு, “வாடகை வீட்டுச் சுவத்துல யாருடி இத்தன ஆணி அடிப்பா?” என்று கேட்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்து அரிசி களைந்தாள்.

அப்பாவிடம் நானே சொல்லிவிடலாம்தான். நம்பமாட்டார். கப்பல் வந்தாயிற்று, லாரி கிளம்பிவிட்டது என்று வரிசையில் காதில் விழுகிறவற்றோடு இதையும் சேர்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உன் வாயிலிருந்து வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவாயே, அப்போது போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். காரை மாடிவீட்டு ஆட்டோக்காரரிடம் ஓட்டக் கொடுத்துவிடுங்கள் என்று சொல். ஏன் என்று கேட்பார். வீடு வாங்கியதைச் சொல். அழுதால் அழட்டும், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருப்போம். உன்மேல் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, வெயிலில் போய் நிற்கமாட்டார்.

புது வீட்டில் நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல், மனநிறைவோடு இருக்க வேண்டும். மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று. பெட்ரோல் கிடைக்காததால்தான் காரைக் கொடுக்கச் சொல்கிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே. சொல்வதற்குச் சுலபமாக இருக்கும், அவரும் உடனே சரி என்று தலையாட்டிவிடுவார். ஆனால் பெட்ரோல் என்றைக்காவது வந்துவிடும், அண்ணா.

அன்புடன்,
உன் தங்கை