பத்து லட்சத்து மூன்று

செப். 9, 1976
காற்று. ஜன்னல் விளிம்பெல்லாம் மண். ஐந்தாம் மாதம் தொடக்கம். லேடி டாக்டர் கண்டிப்பு: பிரசவம் வரை படுக்கை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்கை யார் எடுக்கப் போகிறார்களோ. போன இரண்டு பிள்ளையும் இந்த ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்தன.

துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டப் புறப்படும்போது வீட்டுக்காரர் அந்தோணி: "ஏளா, சும்மா கெடந்தா பயம்தான் வரும். பெரிய கணக்கா எதாச்சும் எடுத்துப் போடு."

செப். 10
எடுத்த எண் 1000003. பகா எண்தானா? ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றிலாவது மீதி இல்லாமல் போனால் எண் உடைந்தது. மொத்தம் 168. தினம் இரண்டு, மூன்று.

செப். 14
7, 11, 13, 37. நான்குக்கும் மீதி 4. காரணம் தெரிந்ததுதான், 999999 இவை எல்லாவற்றாலும் வகுபடும். இருந்தும் சந்தோஷம்.
சோப்பு, விளக்குத் திரி வாங்கச் சொல்ல வேண்டும்.

செப். 21
யாரிடமும் சொல்லவில்லை. எண் உடையாவிட்டால் பிள்ளை நிற்கும் என்று மனசுக்குள் வைத்திருக்கிறேன். கணக்கு டீச்சர் எழுதுகிற எழுத்தா இது. வெட்கம்.

அக். 14
அந்தோணியும் போடுகிறார். எட்டாம் வகுப்புப் படிப்பு. "சாப்பாட்டு நேரத்துல லாஞ்சுல இருந்து ரெண்டு போடுதேன்." தாளில் டீசல் கறை. விடை சரி.

அக். 27
மழை. நனைந்துகொண்டே ஓடிவந்தார். "ஏளா, உடைச்சிட்டேன். 613-ல மீதியே இல்ல." முகமெல்லாம் சிரிப்பு.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயந்துபோனார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தார்.
"இது உடைஞ்சா என்ன, உடையாட்டி என்ன. பிள்ளைக்கு அதெல்லாம் தெரியவா போவுது?"
சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே: "நானும் ஒண்ணு நேந்திருக்கேன். மாதா கோயில்ல. ஒன்கிட்டச் சொல்லல."
பிறகுதான் தாளைப் பார்த்தேன். 1920-இல் 1839 போனால் 81. அவர் 61 என்று எழுதியிருக்கிறார். உண்மையான மீதி 200. காட்டினேன்.
"இதுக்குத்தான் பள்ளிக்கூடத்துல அடி வாங்குவேன்."
இரண்டு பேருக்கும் சிரிப்பு. வயிறு குலுங்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு.

நவ. 21
கடைசி, 997. மீதி 12. உடையவில்லை. பகா எண். அந்தோணி தாள்களையெல்லாம் அடுக்கி நூல் போட்டுக் கட்டினார்.

நவ. 22
காலையில் உதிரம். பக்கத்து வீட்டம்மா ஆள் அனுப்பி, அந்தோணி வந்து, ஆஸ்பத்திரி. வழியில் அந்த எண்ணை ஒருதரம் நினைத்தேன். ஒரு தைரியமும் வரவில்லை. அவர் கையைப் பிடித்திருந்தேன், அதுதான்.
டாக்டர்: "பிள்ளை இன்னும் நாலு வாரமாவது உள்ளேயே இருக்கணும்மா."

டிச. 3
ஆஸ்பத்திரிக் கட்டில். கஞ்சி. உதிரம் நின்று ஆறு நாள். அசைவு உண்டு.

டிச. 21
நேற்று, பெண். நாலு பவுண்டு. முதலில் அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்கள். பிறகு அழுதாள்.
அந்தோணி மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்தார். தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நர்ஸ் போகச் சொல்லியும் போகவில்லை.
"ஏளா, பாரு, தன்னாலயே மூச்சு விடுது" என்றார்.
முழித்துவிட்டாள். பால் கொடுக்க வேண்டும்.