மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்

என்னங்க,

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் மகன் பட்டாளத்தில் போட்ட குளிர் கோட்டு உங்களுக்கு ஆகும் என்றாள், வாங்கி வருகிறேன். குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். டிராவல்ஸ்காரர் வந்தால், விசா போட்டோ டிவி பக்கத்தில் இருக்கிறது.

கிளிமஞ்சாரோ மலையில் ஏறிவிட்டு, அப்படியே காட்டில் சிங்கம் பார்க்கணும் என்று திட்டம் போட்டது நம் பிள்ளை ஜெபின். அவனை அடக்கம் பண்ணி வருஷம் திரும்பவில்லை. அவனுக்குப் பதிலாக நான் போறேன் என்று அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு நீங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கினால் எனக்கு எப்படி இருக்கும்?

நேற்றுக் காலையிலும் அந்தச் சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்றே, "அதைக் கழட்டி வச்சிட்டு மறுவேலை பாருங்க!" என்று கத்தினேன். சத்தம் நின்றது. செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட நீங்கள் விடியுமுன்னே தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டீர்கள்.

போய்ப் பார்த்தேன். மேல்படியில் பூட்ஸ் ஜோடியாக இருந்தது. கயிறு சுருட்டி உள்ளே வைத்திருந்தது. நீங்கள் என்றைக்கு அப்படி வைத்தீர்கள்? அவன்தான் வைப்பான்.

ராத்திரி உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

பரிபூரணம்

கோட்டு பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்குச் சத்தமே இல்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். அம்மா திட்டினது உன்னை இல்லை என்று, ஏறும்போது சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.