படகுக்குக் கரைப்பக்கம்

தை, ஞாயிறு. அரியூர் நாடு மலைக்கிராமம், அண்ணன் வீடு.

காலையில் சரிவுக்காட்டில் குச்சிக்கிழங்கு மூட்டை ஒன்று நழுவி உருண்டு வந்தது. நான் பக்கவாட்டில் தாவி ஒதுங்கிவிட்டேன். எனக்குக் கீழே நின்ற அண்ணன்தான் முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினான். கால் வீங்கிவிட்டது.

"ஏனம்மிணி, எப்பவும் நீதான முட்டுக் குடுப்பே? இன்னைக்கு ஒதுங்கிட்டே?"

போன மாதம் சென்னையில் கடலில் நடந்தது அவனுக்குத் தெரியாது. நான் துடுப்புப் போடும் சர்ஃப்ஸ்கி என்ற அந்த நீண்ட ஒல்லிப் படகையே அவன் பார்த்ததில்லை. அன்று ஓர் அலைமேல் ஏறிச் சறுக்கி வந்தேன். அவ்வளவு சுகம். கரையை நெருங்கும்போது படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. அலையோடு போய்விடுமே என்று கரைப்பக்கம் ஓடி, மூட்டைக்குக் கொடுப்பதுபோல் தோளைக் கொடுத்தேன். அடுத்த அலை படகைத் தூக்கி என் விலாவில் அடித்தது.

"படகுக்கும் கரைக்கும் நடுவுல நிக்கவே கூடாது மேடம். எப்பவும் கடல் பக்கம் இருங்க. படகு போனா போகட்டும்," என்று பயிற்சியாளர் கத்தினார்.

அதை உடம்பு நன்றாகவே பிடித்துக்கொண்டது. மூட்டை வந்தபோது அண்ணன் கீழே நின்றதை நான் பார்க்கவில்லை. அப்படித்தான் எழுதுகிறேன். பார்த்தேனா?

சாயங்காலம் காலுக்கு ஒத்தடம் கொடுத்தபோது சொன்னான்: "நாளைக்கு நீ மேல நின்னுக்க அம்மிணி. கீழ நான் பாத்துக்கறேன்."

கேலியும் இல்லை, கோபமும் இல்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை.