நீங்கள் உறைய வைத்த கடைசிக் கரு

அக்கா,

இன்று காலை எங்கள் கருத்தரிப்பு ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது. எனக்குச் சாட்சி நிற்க வந்த புதுத் தாதி முகத்தில் பூசியிருந்தார். "கழுவிப்போட்டு வாங்கோ, கருவுக்கு உது கூடாது" என்று திருப்பி அனுப்பினேன். "கோயிலுக்குப் போய் வந்தாலும் மணக்காத சனம் யாழ்ப்பாணத்திலை நாங்கள் ரெண்டு பேருந்தான்ரா" என்று நீங்கள் இருந்தால் சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது ஒருவன்தான்.

கருவை எடுக்குமுன் ஒருவர் பெயரை வாசிக்க, மற்றவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். நான் வாசித்தேன். தாதி "ஓம்" என்றார். முடிந்தது. உங்களோடு அவ்வளவு சுலபமாக முடியாது. "ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, நேரம் போகுது" என்று நான் கத்த, "உன்ரை வாயைப் பாத்து ஓம் சொல்லேலாது, பேர் எழுதின தட்டைக் காட்டு" என்பீர்கள். எரிச்சலாக இருக்கும். இன்று அந்த எரிச்சல் வேண்டியிருந்தது.

எடுத்தது உரும்பிராய்க்காரியின் கடைசிக் கரு. வருத்தம் உங்களைப் படுக்கையில் போடுமுன் நீங்கள் உறைய வைத்தது. உருக்கியதும் நன்றாகவே விரிந்தது. ஆனால் வெளி ஓடு தடிப்பு. கரு அதை உடைத்துக்கொண்டு வந்தால்தான் கருப்பையில் ஒட்டும். லேசரால் ஓட்டில் சிறு துளை போட்டு உதவலாம். பிசகினால் கருவே சுடுபடும். எல்லாவற்றுக்கும் போடுவோம் என்பது என் கட்சி. "தானா வாறதை ஏன் சுடுறாய்? உனக்குப் பொறுமையில்லை எண்டதுக்காகவோ?" என்று மறிப்பீர்கள். சண்டை பிடித்துத்தான் முடிவெடுப்போம். இன்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி இரண்டு பக்கத்துக்கும் நானே வழக்காடப் பார்த்தேன். உங்கள் பக்கம் பேச எனக்கு வரவில்லை. சுட்டேன். ஒரே தரம், ஓரமாக, கருவில் படாமல்.

கருவை உள்ளே வைத்து முடித்ததும் அந்தப் பெண் படுத்தபடியே கேட்டார்.

"தம்பி, ஒட்டுமோ?"

"தெரியாது." அதுதான் உண்மை.

"அண்டைக்கு நிண்ட அக்கா எங்கை? அவ எண்டால் வடிவாக் கதைப்பா."

"அவ செத்துப்போனா."

அவர் கண்ணை மூடி வயிற்றில் கையை வைத்தார். "அப்ப இது அவ வைச்சிட்டுப் போனது" என்றார். 

இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒட்டாவிட்டால் சொல்வதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. ஒட்டினால்தான் சிக்கல். டாக்டர் அந்தப் பெண்ணுக்குச் சொல்வார், அவர் தன் வீட்டாருக்குச் சொல்வார். நான் உள்ளே ஓடி வந்து சொல்ல ஒருவரும் இல்லை. நீங்கள் போனபிறகு வந்த நல்ல சேதிகளெல்லாம் சொல்லப்படாமல் என்னிடமே கிடக்கின்றன, அக்கா.