நான் எழுதிய சுவர்

12.8.1998, புதன்

தூக்கம் வரவில்லை. மத்தியானம் என் மனைவி செல்வியின் தம்பி ஏழுமலை வந்தான். பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவன், ஆள் பாதியாக இளைத்திருந்தான். "ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க மாமா. எய்ட்ஸுனு சொல்லிட்டாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். செல்வி அழுதுகொண்டே காபி போட்டுக் கொடுத்தாள்.

பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். அவன் மிச்சம் வைக்கிற காபிக்கு என் பெண் எப்போதும் காத்திருப்பாள். இன்றும் எடுத்தாள். நான் பிடுங்கி வாசலில் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"அடி அண்ணாமலை ஊர்ச் சுவத்துல உங்க எழுத்தைப் பார்த்தேன் மாமா. அதைப் படிச்சிட்டுதான் இங்க வரலாம்னு தோணிச்சு" என்றான்.

சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, ஒரே டம்ளரில் குடித்தால் பரவாது. கிரிவலப் பாதை முழுக்க நான்தான் பெயிண்டில் எழுதினேன். வாசகம் கொடுத்த டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டு, நம்பித்தான் எழுதினேன். ஆனாலும் டம்ளர் குழந்தையின் உதட்டில் பட்டதா என்று செல்வியை நான்கு முறை கேட்டுவிட்டேன்.

இப்போது தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஏழுமலையே டம்ளரைக் கழுவி, மற்றவற்றோடு சேர்க்காமல் ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறான். அப்படி வைக்கச் சொன்னது நானில்லை. எடுத்து உள்ளே வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.