நீங்கள் தூக்காத கை

இல்லை, என் அன்பு அப்பா, நீங்கள் தூக்கவில்லை. நான்தான் தூக்கினேன்.

உங்கள் வலது கை. மாத்தளை ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில், பார்வையாளர் நேரம். பக்கவாதம் வந்து இரண்டாம் நாள். இடப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், கண் மட்டும் திறந்திருந்தது. பாஸ்டர் குனிந்து, "அண்ணே, ஆண்டவரை ஏத்துக்கிறீங்கன்னா இந்தக் கையை மட்டும் உயர்த்துங்க, போதும்" என்றார். அம்மாவின் சபையில் அப்படித்தான். பேச முடியாதவருக்கும் பேச வெட்கப்படுகிறவருக்கும் கை போதும்.

அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும். உங்கள் கண் அவர் பக்கம் போய், பிறகு கூரைக்குத் திரும்பிக்கொண்டது. கை அசையவில்லை.

கால்மாட்டில் அம்மா. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு. அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். போர்வைக்குள் என் உள்ளங்கை உங்கள் முழங்கைக்குக் கீழே இருந்தது. தூக்கினேன். ஒரு சாண். அவ்வளவுதான்.

"அல்லேலூயா" என்று அம்மா தரையில் விழுந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் பயந்து எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

சபைப் பாட்டோடு அடக்கம் நடந்தது. சித்தப்பா திருநீற்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். உங்கள் நெற்றியில் பூச அவரை யாரும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

ஒரு வருடமாகிறது அப்பா. மேல் லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகரம் மாற்றிவிட்டார்கள். தம்புள்ளைச் சந்தையில், நீங்கள் வாரம் முழுக்கத் தங்கிச் சுமந்த இடத்தில், இன்னொரு நாட்டாமை மூட்டை சுமக்கிறார். அம்மா இன்னும் தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நான் பேராதனையில் படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் எல்கடுவயில் இருக்கிறேன். "பட்டதாரிக்குப் பீலியில தண்ணி புடிக்கத் தெரியுமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்கிறாள்.

பாஸ்டர் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்மா சபையில் சேர்ந்த புதிது. நரகத்தைப் பற்றி அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "பாஸ்டர், நான் சித்திரை வெயில்ல தம்புள்ளையில மொளகா மூட்டை தூக்குனவன். உங்க நரகத்துல புதுசா என்னத்தக் காட்டப் போறாங்க?"

அவரும் சிரித்தார். "அங்க இருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வர பஸ் இல்லண்ணே."

நீங்கள் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனீர்கள். நான் பின்னால் வந்தேன். "அவரு நல்ல ஆளுதான்" என்றீர்கள். "ஆனா எங்கப்பன் மாரியம்மனைக் கும்பிட்டுத்தான் செத்தான். அவனை நெருப்புல விட்டுட்டு நான் மட்டும் மேல போய் உக்காரவா?"

நீங்கள் போன பிறகு பேராதனை நூலகத்தில் உங்களைத் தேடினேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். நரகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வேதத்தின் மூலமொழியில் அந்தச் சொல் முதலில் எருசலேமுக்கு வெளியே இருந்த ஒரு பள்ளத்தாக்கின் பெயர் என்றார் ஒருவர். முடிவே இல்லாத வேதனை என்றார் ஒருவர். எரிந்து இல்லாமல் போவது மட்டும்தான் என்றார் மற்றொருவர். கடைசியில் எல்லோரும், எல்லோருமே, திரும்பிவிடுவார்கள் என்றார் மிகப் பழைய ஒருவர்.

புத்தகங்களில் நரகம் பல மாதிரி இருந்தது. அம்மாவிடம் ஒரே மாதிரி. அதில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் உங்கள் கையைத் தூக்கியதும் அது காலியானது.

அன்றிலிருந்து அம்மா நன்றாகத் தூங்கினாள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே சொல்வாளாம்: "எங்க வீட்டுக்காரரு புடிவாதக்காரரு. ஆனா கடைசியில கையத் தூக்கிட்டாரு." அதைக் கேட்டு, படுக்கையில் கிடக்கிற தங்கள் ஆட்களுக்காக இரண்டு குடும்பங்கள் பாஸ்டரைக் கூப்பிட்டிருக்கின்றன. பிறகு உங்கள் வருட நினைவுக் கூட்டம் நெருங்கியது. "நீதான் பக்கத்துல உக்காந்திருந்த. எந்திரிச்சு சாட்சி சொல்லு பாப்பா" என்றாள் அம்மா.

ஒரு பொய்யைப் பேசாமல் வைத்திருக்கலாம். எழுந்து நின்று சொல்வது வேறு.

முதலில் இப்படி நினைத்தேன். முழங்கை யாருடைய பலத்தில் உயர்ந்தது என்று பார்த்துத் தள்ளிவிடுகிற கடவுள் என்ன கடவுள்? என் கையை உங்கள் கையாக எடுத்துக்கொள்ளட்டுமே. பிறகு அதன் மறுபக்கம் தெரிந்தது. அப்படி எடுத்துக்கொள்கிற கடவுள் உங்களைக் கேட்கவே இல்லை. நீங்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்க்கவே இல்லை.

தீர்ப்பு என்றால் தண்டனை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு மனிதர் உண்மையில் என்ன சொன்னார் என்று யாரோ ஒருவர் கடைசிவரை கேட்பதும் அதுதானே? அந்த இடத்தில் நான் உங்கள் வாயைப் பொத்தினேன். கடவுள் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் முன்னே நான் சொல்லிவிட்டேன், நீங்கள் சொல்வது எடுபடாது என்று.

வலப்பக்கமும் இடப்பக்கமுமாக மனிதர்களைப் பிரித்து நிறுத்துகிற அந்தக் காட்சியை வேதத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு பக்கத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எப்போது? பசித்தவருக்கு எப்போது கொடுத்தோம், எப்போது கொடுக்காமல் விட்டோம்? யாருக்கும் முன்பே தெரிந்திருக்கவில்லை. அங்கே உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா அப்பா? இருக்கிறது என்று எழுத ஆசை. ஆசையால்தானே அன்றைக்கும் தூக்கினேன்.

போன வியாழன் பின்னேரம், மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் சொன்னேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளைச் சேலையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அப்பா கையத் தூக்கல. நான்தான் கீழ இருந்து தூக்குனேன்."

அம்மா துவைப்பதை நிறுத்தினாள்.

"அவரு தள்ளுனாரா?"

"இல்லம்மா."

"இறுக்குனாரா?"

"இல்ல. சும்மா கெடந்துச்சு. ஆனா அதுக்கு முன்ன கண்ணத் திருப்பிக்கிட்டாரு. பாத்தேன்."

அம்மா கல்லின்மேல் உட்கார்ந்தாள். "நான் செத்த பொறகு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி."

நுரையோடு சேலையை வாளிக்குள் போட்டாள். என்னிடம் இல்லை, யாரிடமோ கேட்டாள்: "அவரு அங்க கெடந்தா, பரலோகத்துல எனக்கு எப்புடிச் சோறு எறங்கும்?"

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டதும் இதைத்தான். நீங்களும் அம்மாவும் பத்து வருடம் சண்டை போட்டீர்கள், ஒரே இடத்தில் நின்றுகொண்டு.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அம்மா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த நெருப்புக்குள் உங்களைத் திரும்ப அனுப்பியது நான். நான் சொன்னது உண்மை என்பதால் என் குற்றம் குறைகிறதா?

நேற்று சபையில், உங்கள் நினைவுக் கூட்டத்தில், பாஸ்டர் சாட்சி சொல்ல என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழும்புவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். நீலப் பூப்போட்ட சேலை. வெள்ளைக் கூட்டத்துக்குள் அவள் ஒருத்திதான் அப்படி.

"எங்க வீட்டுக்காரரு கையத் தூக்கல" என்றாள். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன். கண்ணெல்லாம் தண்ணி, ஒண்ணும் தெரியல. ஒரு வருசமா எல்லாருக்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். மன்னிச்சிருங்க."

பாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. "உக்காருங்கக்கா" என்றார் மெதுவாக.

"இன்னும் ஒண்ணு. செத்தவங்களுக்காக ஜெபிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. தெரியும். நான் அவருக்காகக் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

நான் உட்கார்ந்திருந்தேன் அப்பா. வாய் திறக்கவில்லை. என் குற்றத்தை எடுத்து அம்மா தன் கண்மேல் போட்டுக்கொண்டாள். ஒருவருடைய பாவத்தை இன்னொருவர் சுமந்தார் என்று அந்த மண்டபத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நேற்றுதான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மாவோடு யாரும் நடக்கவில்லை. பின்னால் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கண்ணு தெரியாதவளுக்குக் கொழுந்து மட்டும் எப்புடித் தெரியுதாம்?"

உங்கள் மறுப்பை உங்களிடமே திருப்பித் தந்துவிட்டேன். அது உங்களை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் இனி எழுத மாட்டேன். உங்களுக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்காக அம்மாவைப் பதில் சொல்ல விடவும் மாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

அன்றைக்கு உங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த,
உங்கள் மகள்

இதை எழுதிவிட்டுப் பாஸ்டர் வீட்டுக்கு இறங்கிப் போனேன். அம்மா எதையும் தப்பாகப் பார்க்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.