கதவுக்கு வெளியே இருந்தவளுக்கு

பாப்பாவின் அம்மாவுக்கு எழுதுவது:

அந்த இசையமைப்பாளன் நம் மகளிடம் அத்துமீறினான். பாட வாய்ப்புக் கொடுத்ததற்கு அதுதான் விலை என்று அவளிடமே சொன்னான். இதில் அவள்மேல் தவறில்லை, உன்மேலும் இல்லை. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் அண்ணன் பேசினார். "கேஸை வாபஸ் வாங்கிடலாம் மாப்ளே, நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி வேணாமா" என்றார். இதற்காக ஒருவன் வேண்டாமென்று போனால், அவனைப் பற்றி விசாரிக்கிற வேலை நமக்கு மிச்சம் என்றேன். அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னார். "தங்கச்சி தூங்கறதே இல்ல. பெத்தவ வெளியிலதானே இருந்தே, ஏன் கதவைத் திறக்கலன்னு கோர்ட்டுல கேப்பாங்களேன்னு புலம்புறா."

ஸ்டுடியோ கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் உள்ளே ஒலிப்பதிவு நடக்கிறது, திறக்கக் கூடாது என்று முதல் நாளே உனக்குச் சொன்னவன் அவன்தான். நீ இருமல் வந்தால்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாய் என்று பாப்பா சொல்லிச் சிரிப்பாள். அன்று உள்ளே எந்தப் பதிவும் இல்லை. பல்பை மட்டும் எரியவிட்டான். உன் மரியாதையையே உனக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறான்.

அங்கே வயலின் வாசிக்கிறவரைப் போய்ப் பார்த்தேன். "அண்ணே, அந்த பல்பு எரிஞ்சா தீப்பிடிச்சாலும் நாங்க கதவைத் தொடமாட்டோம்" என்றார். இதைக் கோர்ட்டில் சொல்வீர்களா என்றதும் பிழைப்பு போய்விடும் என்றார். திரும்பத் திரும்பப் போய் அவர் வாசலிலேயே உட்கார்ந்தேன். கடைசியில் அவர் வீட்டம்மாதான், "சொல்லிட்டு வந்துடுங்க, இல்லேன்னா இந்த மனுஷன் எழுந்திரிக்க மாட்டாரு" என்றார். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீயும் பாப்பாவும் உன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகும் இங்கே மூன்று பேருக்கு வடித்துவிட்டு மறுநாளும் அதையே தின்கிறேன். விடிகாலையில் பாப்பா பாடினால் சுவரைத் தட்டுவாளே பக்கத்து வீட்டுக்காரி, அவள், "பொண்ணு எப்போ வரும், எழுப்ப ஆளில்லாம வேலைக்கு லேட்டாகுது" என்று கேட்டாள். பட்டறைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அன்று விடுமுறை.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். உன் அண்ணன் கல்யாணப் பேச்சை விட வேண்டும். பாப்பா பாட வேண்டாம், என்னிடம் பேசக்கூட வேண்டாம், வேளைக்குச் சாப்பிட்டால் போதும். வழக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான். அவள் வேண்டாமென்றால் வாயை மூடிக்கொள்வேன். உன் பயத்துக்காக மூட மாட்டேன். வக்கீலுக்கு அலைவது என் வேலை. கோர்ட்டில் உன்னைக் கேட்கும்போது பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது உன் வேலை. நீ சொல்லி முடிக்கும்வரை உன் கண்ணில் படுகிற இடத்தில் நான் நிற்பேன்.

அதற்கு முன்னால், இதைப் படித்ததும் நீ கொஞ்சம் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா